மைனஸ் 127: ஒரு பாம்புப் பெட்டியைச் சூடாக்கின கதை

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு டிசம்பர்ல நான் எழுதின நாலு வரி கோடு, எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு பாம்போட வயித்தைச் சுட்டுடுச்சு. கேட்கச் சிரிப்பா இருக்கும். எனக்கு இன்னும் சிரிப்பு வரலை. அதனாலதான் இந்தக் கட்டுரை.

பாம்பு இருந்தது இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துல. என் பெரியம்மா பொண்ணு அங்கே எம்.எஸ்சி. படிச்சிட்டு இருந்தாங்க. அக்கா தங்கியிருந்த வீட்ல கூட இருந்த பொண்ணு ஒரு பிளாக் ராட் ஸ்நேக் வளர்த்தா. பேரு பெப்பர், அக்கா வாயில அது 'மிளகு' ஆயிடுச்சு. மூணு வயசு ஆண் பாம்பு, நாலடிக்குக் கொஞ்சம் மேல நீளம், பளபளன்னு கறுப்பு. விஷம் கிடையாது, இரையைச் சுத்தி நெரிச்சுத்தான் கொல்லும். கிறிஸ்துமஸ் லீவுக்கு அந்தப் பொண்ணு ஊருக்குப் போனப்போ பாம்பைப் பாத்துக்கிற பொறுப்பு அக்கா தலையில விழுந்தது. அக்கா பொறுப்பு கடைசியில என் தலைக்கு வந்தது.

மேல போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். 'ராட் ஸ்நேக்'னு சொன்னதும் நம்மாளுங்களுக்கு வயக்காட்டுச் சாரைதான் ஞாபகம் வரும். அது வேற, இது வேற. நம்ம சாரைப்பாம்போட பேரு ட்யாஸ் மியூகோசா. லீட்ஸ்ல இருந்தது பான்தெரோஃபிஸ் இனம், அமெரிக்காவோட கிழக்குப் பகுதியில இருந்து கனடாவோட தெற்கு ஓரம் வரைக்கும் காட்டுல வாழுறது. அங்கெல்லாம் பெரும்பாலும் பண்ணையில முட்டை பொரிச்சு வளர்த்த குட்டிகளைத்தான் விக்கிறாங்க. சாரையை நம்ம ஊர்ல வீட்ல வெச்சா 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால இதைப் படிச்சிட்டு யாரும் ஹாஸ்டல் பின்னாடி பொந்து தேடப் போயிடாதீங்க. எலியைத் தின்னுட்டு அது பாட்டுக்கு இருக்கட்டும்.

சரி, பாம்புக்கு எதுக்கு ஹீட்டர்?

நம்ம உடம்பு சோத்தை எரிச்சு 37 டிகிரியை அதுவே பிடிச்சு வெச்சுக்குது. பாம்போட உடம்புக்குள்ள அப்படி ஒரு அடுப்பு கிடையாது. அதுக்குத் தேவையான சூடு வெளியில இருந்துதான் வரணும். வெயில்ல கொஞ்ச நேரம், கல்லுக்கு அடியில கொஞ்ச நேரம்னு இடம் மாறி மாறித்தான் உடம்பு வெப்பத்தைச் சரி பண்ணிக்கும். 'குளிர் ரத்தப் பிராணி'ன்னு ஸ்கூல்ல படிச்சோமே, அந்தப் பேரே கொஞ்சம் ஏமாத்து. வெயில்ல கிடக்கிற பாம்போட ரத்தம் ஒண்ணும் குளிர்ச்சியா இருக்காது. தன் வெப்பத்தைத் தானே கன்ட்ரோல் பண்ணுது. ஹீட்டரை வெச்சு இல்ல, நகர்ந்து நகர்ந்து.

இந்தப் பாம்பையே வெச்சு கனடாவோட ஒன்டாரியோ மாகாணத்துல ப்ளூயின் டெமர்ஸ், வெதர்ஹெட்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2001-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. இந்த இனம் வாழுற எல்லையோட வடக்குக் கோடி அது, குளிர் அதிகம். வெவ்வேற வெப்பம் இருக்கிற இடங்களை இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க விட்டா, இந்தப் பாம்பு தன் உடம்பை 26.5-ல இருந்து 29.8 டிகிரிக்குள்ள வெச்சுக்க விரும்புதுன்னு அதுல வருது. மூணு டிகிரி சொச்சம் அகலம், அவ்ளோதான். காட்டுக்கும் வெட்டவெளிக்கும் நடுவுல இருக்கிற ஓரப்பகுதி அதுக்கு ஏன் தோதா இருக்குன்னும் இதை வெச்சுப் புரிஞ்சுக்கலாம். ரெண்டடி இந்தப் பக்கம் வந்தா வெயில், ரெண்டடி அந்தப் பக்கம் போனா நிழல்.

இந்தச் சூடு சும்மா சொகுசுக்கு இல்ல. எலியை முழுசா முழுங்கின பாம்புக்கு அதைச் செரிக்கச் சூடு வேணும். உடம்பு ஜில்லுன்னு இருந்தா செரிமானம் நின்னு போய், உள்ளே எலி அழுக ஆரம்பிக்கும், பாம்பு கக்கிடும். இது தொடர்ந்தா பாம்பு மெலிஞ்சு போகும். ஈரமும் குளிரும் சேர்ந்தா நுரையீரல்ல தொற்று வரும். லீட்ஸ்ல டிசம்பர் மாசம் ராத்திரி வீட்டுக்குள்ளேயே 16, 18 டிகிரிதான். ஹீட்டிங் பில்லுக்குப் பயந்து ஸ்டூடன்ட்ஸ் ஸ்வெட்டரோட தூங்குற ஊரு.

ஆக, பெட்டிக்குள்ள எவ்வளவு வெப்பம் வைக்கணும்? இந்தக் கேள்வியே தப்புன்னு எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆச்சு. நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஸ்டூடன்ட். ஒரு செட் பாயின்ட் குடு, பிடிச்சுக் காட்டுறேன்னு நிப்பேன். 28 டிகிரியா? பெட்டி முழுக்க 28 வெச்சிடலாம். அப்படி வெச்சா பாம்புக்குத் தேர்ந்தெடுக்க ஒண்ணுமே இருக்காது. சாப்பிட்ட அன்னைக்குக் கொஞ்சம் கூடுதல் சூடு தேடும், சட்டை உரிக்கப் போறப்ப ஒதுங்கிக் குளிர்ச்சியா கிடக்கும். அந்தத் தேவையை நாம கணிக்க முடியாது, அதுக்குத்தான் தெரியும். அதனால பெட்டியோட ஒரு முனையில படுக்கிற இடம் 30-ல இருந்து 32 டிகிரி, மறுமுனையில 22-ல இருந்து 24 டிகிரின்னு ஒரு வெப்பச் சரிவு வைக்கணும். நடுவுல எங்கே நிக்கணும்னு பாம்பு முடிவு பண்ணும். ராத்திரி 20-க்குப் பக்கத்துல இறங்கினா பரவாயில்லை, காட்டுலயும் இறங்கத்தானே செய்யும். உண்மையான கன்ட்ரோலர் பாம்புதான். நம்ம தெர்மோஸ்டாட்டோட வேலை ரெண்டு முனையையும் எல்லைக்குள்ள வைக்கிறது மட்டும்.

அதுலயும் ஒரு சிக்கல் உண்டு. பாம்புக்குச் சூட்டை விட மறைவு பெருசு. சூடான முனையில மட்டும் ஒளிஞ்சுக்க ஒரு குடுவை வெச்சு, குளிர்ந்த முனையை மொட்டையா விட்டா, சூடு அதிகமானாலும் பாம்பு அந்தக் குடுவையை விட்டு அவ்வளவு சீக்கிரம் வெளியே வராது. ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரி மறைவிடம் வைக்கணும். இல்லைன்னா வெப்பத்துக்கும் பயத்துக்கும் நடுவுல அதை நாமளே மாட்டி விடுறோம்.

மிளகோட பெட்டி 120 செ.மீ. நீளம், 60 அகலம், 60 உயரம். விவேரியம்னு அங்கே சொல்ற மரப்பலகைப் பெட்டி, முன்னாடி மட்டும் தள்ளுற கண்ணாடி. நம்ம ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல வந்த கணக்குதான், ஒருமுறை போட்டுப் பாருங்க. ஆறு பக்கமும் சேர்த்துப் பரப்பு 3.6 சதுர மீட்டர். உள்ளே சராசரி 26, அறை 18, வித்தியாசம் 8 டிகிரி. பலகைக்கு யூ மதிப்பு சதுர மீட்டருக்கு 3 வாட்னு வெச்சா 3.6 × 3 × 8 = சுமார் 86 வாட். அதே பெட்டி முழுக்கக் கண்ணாடின்னா யூ 4-க்குப் பக்கம், 115 வாட் ஆகும். மேல கம்பி வலை போட்ட மீன் தொட்டியா இருந்தா கணக்கே வேண்டாம், சூடான காத்து நேரா மேல போயிடும். தோராயம்தான், ஆனா எந்த ஹீட்டர் வாங்கணும்னு முடிவெடுக்க இது போதும்.

இப்போ கடையில 'ராட் ஸ்நேக்குக்கு ஏத்தது'ன்னு 16 வாட் ஹீட் மேட் ஒண்ணு குடுக்கிறாங்கன்னு வைங்க. அதே சமன்பாட்டுல 16-ஐப் போட்டா இந்தப் பெட்டிக்குள்ள காத்து ஒன்றரை டிகிரிதான் ஏறும். அதாவது மேட்டால பெட்டியைச் சூடாக்க முடியாது, அதுக்கு மேல படுத்திருக்கிற வயித்தை மட்டும்தான் சூடாக்க முடியும். பெட்டியோட காத்துக்கு 100 வாட் செராமிக் ஹீட்டர் மாதிரி மேல இருந்து சூடு தர்ற ஒண்ணு வேணும். பாக்க பல்பு மாதிரியே இருக்கும், ஹோல்டர்ல திருகலாம், ஆனா வெளிச்சம் வராது, ராத்திரியும் ஓடலாம். பகல்ல ஹாலோஜன் விளக்கு இன்னும் நல்லது, வெயில் மாதிரியே ஒளியும் சூடும் சேர்ந்து வரும். இது எதைப் போட்டாலும் சுத்திக் கம்பிக் கூடு கட்டாயம். ராட் ஸ்நேக் மரம் ஏறுற பாம்பு, சுவத்துலயே ஏறும். சூடா எரியுற செராமிக்கைச் சுத்திக்கிட்டா என்ன ஆகும்னு நான் எழுத வேண்டியதில்லை. 'ஹாட் ராக்'னு உள்ளே சுருள் வெச்ச செயற்கைக் கல் விக்குது. அதைத் தொடவே வேண்டாம்.

மிளகுக்கு ரெண்டுமே இருந்தது. மேல செராமிக், அதுக்குத் தனி தெர்மோஸ்டாட். கீழே சூடான முனையில தரையோட ஒட்டின 16 வாட் மேட், அதுக்கு இன்னொரு தெர்மோஸ்டாட். மேட் மேல ரப்பர் விரிப்பு, மரத்தூள், அதுக்கு மேல கவுத்து வெச்ச மறைவுக் குடுவை. அந்தப் பொண்ணு ஊருக்குப் போன ரெண்டாவது நாள் மேட்டோட தெர்மோஸ்டாட் செத்துப் போச்சு.

அக்கா வேற ஒண்ணு வாங்கத்தான் கிளம்புனாங்க. நான்தான் தடுத்தேன். "எதுக்குக்கா காசு? உன்கிட்ட ஆர்டுயினோ கிட் இருக்குல்ல? ஒரு டெம்பரேச்சர் சென்சர், ஒரு ரிலே. அரை மணி நேர வேலை." அக்கா கெமிக்கல் இன்ஜினியரிங், நான் சொன்னா நம்புவாங்க. வீடியோ கால்லயே வயரிங் சொன்னேன். டிஎஸ்18பி20 சென்சர், டேட்டா வயருக்கும் சப்ளைக்கும் நடுவுல 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், பிரெட்போர்டு, ரிலே. கோடோட சாரம் இதுதான்: வெப்பம் 30-க்குக் கீழே இருந்தா ரிலே ஆன், 31-க்கு மேல போனா ஆஃப். ஓடுச்சு. எனக்குப் பெருமை தாங்கலை, ஹாஸ்டல்ல நாலு பேருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன்.

எட்டாவது நாள் காலையில அக்கா கூப்பிட்டாங்க. "டேய், பாம்பு தண்ணிக் கிண்ணத்துக்குள்ளேயே சுருண்டு கெடக்குடா. ராத்திரியும் அங்கதான் இருந்துச்சு. குளிக்குதா?"

சட்டை உரிக்கிறதுக்கு முன்னாடியும் சில பாம்புங்க தண்ணியில போய்க் கிடக்கும்னு நெட்ல படிச்சிருந்தேன். அதைத்தான் சொன்னேன். சாயங்காலம் அக்கா கிண்ணத்தைக் கழுவ பாம்பைத் தூக்கினப்போ வயித்துல ஒரு சாண் நீளத்துக்குச் செதில் பழுப்பா நிறம் மாறி, ஓரம் உப்பியிருந்தது. மறைவுக் குடுவையைத் தூக்கிட்டு விரிப்பு மேல இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டினா 47 டிகிரி. சீரியல் மானிட்டரைத் திறந்து பாக்கச் சொன்னேன். வரிசையா ஒரே எண் ஓடிட்டு இருந்தது. மைனஸ் 127.

டிஎஸ்18பி20 யூஸ் பண்ணவங்களுக்கு இந்த எண் தெரிஞ்சிருக்கும். எல்லாரும் போடுற அந்த லைப்ரரியில சென்சர் பதில் சொல்லலைன்னா அது திருப்பித் தர்ற மதிப்பு மைனஸ் 127. அது வெப்பம் இல்ல, 'சென்சர் இல்லை'ங்கிற தகவல். பாம்பு நகர்ந்ததுல வயர் இழுபட்டு பிரெட்போர்டுல ஒரு ஜம்பர் கழண்டிருக்கு. என் கோடு அந்த எண்ணைப் பாத்து என்ன நினைச்சது? மைனஸ் 127, முப்பதுக்குக் கீழே. ஐயோ பாவம், பாம்புக்குக் குளிருது. ரிலே ஆன். ராத்திரி பூரா ஆன்.

இதுல மேட்டோட இயற்பியலையும் கொஞ்சம் பாக்கணும், ஏன்னா 16 வாட்ல என்ன ஆகிடும்னுதான் நானும் நினைச்சேன். மேட் ஒரே அளவு பவரைத் தள்ளிட்டே இருக்கும். அது எவ்வளவு சூடாகும்ங்கிறது, அந்தச் சூடு எவ்வளவு சுலபமா வெளியேறுதுங்கிறதைப் பொறுத்தது. உயர்வு = பவர் × வெப்பத் தடை. மேட் திறந்து கிடக்கிறப்ப தடை வாட்டுக்கு 1 டிகிரின்னு வெச்சுக்கோங்க, 26-ல இருந்து 42-க்குப் போகும். அதுக்கு மேல விரிப்பு, மரத்தூள், குடுவைன்னு அடுக்கி, தடை 1.7 ஆச்சுன்னா 53. பவர் மாறவே இல்ல, மூடினதுக்கே பதினோரு டிகிரி கூடுது. கடைசியா அதுக்கு மேல பாம்பு சுருண்டு படுக்குது. அப்போ பாம்பே ஒரு போர்வை ஆகிடுது, தனக்குக் கீழே இருக்கிற சூட்டைத் தானே அடைச்சு வைக்குது.

47 டிகிரியை நாம கையால தொட்டா 'நல்லா சூடா இருக்கே'ன்னு சொல்லிட்டு எடுத்துடுவோம். மணிக்கணக்கா அது மேலயே படுத்திருந்தா மனுஷத் தோலே புண்ணாகும். மிளகு எவ்வளவு நேரம் பொறுத்துட்டுக் கிண்ணத்துக்குப் போச்சுன்னு யாருக்கும் தெரியாது. ஆனா பெட்டியில இருந்த ஒரே தப்பிக்கிற வழியைத் தேடிப் போயிருக்கு. அதை நான் 'குளியல்'னு சொல்லிட்டேன்.

ஊர்வன பாக்கிற டாக்டரைத் தேடிப் போய், களிம்பு, மரத்தூளுக்குப் பதிலா வெறும் பேப்பர் டவல், சில வாரம் கையில எடுக்கக் கூடாதுன்னு ஆச்சு. அந்தப் பொண்ணுகிட்ட அக்கா போன்ல சொன்னப்போ அவ அழுதாளாம். என்னைத் திட்டலை. திட்டியிருக்கலாம்.

இனி கொஞ்சம் தெர்மோஸ்டாட் பக்கம் போவோம். கடையில கிடைக்கிறது மூணு ரகம். ஆன்-ஆஃப் ரகம் மேட்டுக்குப் போதும். மேட் மெதுவாத்தான் சூடாகும், மெதுவாத்தான் ஆறும், ஒரு டிகிரி இடைவெளி விட்டு மாறி மாறி எரிஞ்சா பாம்புக்குத் தெரியவே தெரியாது. விளக்குக்கு அது ஆகாது, டிஸ்கோ மாதிரி எரிஞ்சு எரிஞ்சு அணையும், பல்பும் சீக்கிரம் போகும். அதுக்கு டிம்மிங் ரகம். நம்ம ஃபேன் ரெகுலேட்டர்ல இருக்கிற ட்ரையாக் வேலைதான், சைன் அலையை வெட்டி வெட்டிக் குடுக்கும். செராமிக்குக்கு பல்ஸ் ரகம், முழு அலைகளைக் கொத்துக் கொத்தா அனுப்பும். இங்கே நம்ம கிளாஸ்ல எல்லாருக்கும் 'பிஐடி போட்டா என்ன?'ன்னு கை துறுதுறுக்கும். போடலாம். ஆனா பாம்பு ரெண்டடி நகர்ந்தா அஞ்சு டிகிரி மாத்திக்கும். நீங்க கால் டிகிரி துல்லியத்துக்கு ட்யூன் பண்ணிட்டு இருக்கிற நேரத்துல, சென்சர் கழண்டா என்ன ஆகும்னு யோசிக்கிறது ஆயிரம் மடங்கு உபயோகம்.

சென்சரை எங்கே வைக்கிறோம்ங்கிறது தெர்மோஸ்டாட்டை விட முக்கியம். மேட்டைக் கட்டுப்படுத்துற ப்ரோப் மேட்டுக்கு நேர் மேல, பாம்பு எங்கே படுக்குமோ அந்த மட்டத்துல இருக்கணும், அசையாம. காத்துல தொங்கவிட்டா அது காத்தோட வெப்பத்தைத்தான் சொல்லும், மேட் அந்தக் காத்தை 30 ஆக்கப் போராடிட்டே முழு வேகத்துல எரியும். சாதா செலோடேப் போட்டு ஒட்டக் கூடாது. அது பிரிஞ்சு வந்து பாம்பு மேல ஒட்டிக்கிட்டா செதிலோட உரியும். இன்னொரு வில்லன் ஈரம். பாம்பு கிண்ணத்தைக் கவுத்தாலோ, ப்ரோப் மேல மூத்திரம் போனாலோ, அது ஆவியாகிறப்ப ப்ரோப் குளிரும். அது ரெண்டு மூணு டிகிரி குறைச்சுச் சொல்லும், ஹீட்டர் அந்த ரெண்டு மூணு டிகிரியைக் கூட்டும்.

அதனால தெர்மோஸ்டாட் சொல்றதை அப்படியே நம்பாம, தனியா ஒரு தெர்மாமீட்டர் வெச்சு அளக்கணும். இன்ஃப்ராரெட் துப்பாக்கி நல்லது, ஆனா ரெண்டு விஷயம். கண்ணாடி வழியா அளந்தா உள்ளே இருக்கிறது வராது, கண்ணாடியோட வெப்பம்தான் வரும். பளபளக்கிற அலுமினியத் தகடு மேல காட்டினா பொய் சொல்லும். கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி அது மேல அளங்க.

என் கோடுக்கு வருவோம். திருத்தி எழுதறது சுலபம், வெட்கம் வர்ற அளவுக்கு. வந்த எண் 5-க்கும் 45-க்கும் நடுவுல இல்லைன்னா அதை வெப்பமாவே எடுத்துக்காதே. ஹீட்டரை ஆஃப் பண்ணு, அலாரம் அடி. ஒரே வரி. இந்தச் சென்சர் பவர் வந்த உடனே சில சமயம் 85-னு ஒரு எண் தரும், அதுவும் இதுலயே வடிகட்டப்படும். ஆனா ப்ரோப் கழண்டு விழாம, பெட்டியோட குளிர்ந்த மூலைக்கு இழுத்துட்டுப் போகப்பட்டா? அது 23-னு சொல்லும், அது உண்மையான வெப்பம்தான், வடிகட்டியில மாட்டாது. அதுக்கு ரெண்டாவது வரி வேணும். ஹீட்டர் அரை மணி நேரமா எரியுது, ஆனா ப்ரோப்ல ஒரு டிகிரி கூட ஏறலையா? அப்போ ஹீட்டர் செத்திருக்கணும், இல்ல ப்ரோப் இடம் மாறியிருக்கணும். எதுவா இருந்தாலும் ஆஃப் பண்ணு. இது என் கண்டுபிடிப்பு இல்ல. நம்ம லேப்ல இருக்கிற 3டி பிரிண்டரோட மார்லின் ஃபர்ம்வேர்ல 'தெர்மல் ரன்அவே'ன்னு எரர் காட்டி நிக்குமே, அது இதேதான். அந்த எரர் வந்தப்போ எரிச்சல்ல அதை டிஸேபிள் பண்ண வழி தேடினவன் நான்.

சாஃப்ட்வேரோட முடியலை. ரிலேவோட காண்டாக்ட் சூட்டுல ஒட்டிக்கலாம், சாலிட் ஸ்டேட் ரிலே பழுதானா பெரும்பாலும் ஆன் நிலையிலேயே பழுதாகும். அப்போ கோடு 'ஆஃப்'னு கத்தினாலும் கேட்க ஆள் இல்ல. அதுக்கு மேட்டோட வயர்ல தொடரா ஒரு பைமெட்டல் கட்-ஆஃப் போடலாம், காபி மேக்கர்ல இருக்குமே அந்தக் குட்டி வட்ட ஸ்விட்ச். குறிச்ச சூட்டைத் தாண்டினா அதுவா திறந்துக்கும், அதுக்கு மைக்ரோகன்ட்ரோலரும் வேண்டாம், லைப்ரரியும் வேண்டாம். நல்ல ரெடிமேட் தெர்மோஸ்டாட்கள்ல ப்ரோப் வயர் அறுந்தா ஹீட்டரை நிறுத்துற ஏற்பாடு இருக்கும், வாங்கறப்போ கேட்க வேண்டிய முதல் கேள்வி அது.

மிளகுக்கு இப்போ அப்படி ஒண்ணுதான் ஓடுது, கடையில வாங்கினது. மேட்டையும் தரையில இருந்து எடுத்துட்டாங்க, மேல இருந்து வர்ற சூடு மட்டும். ஹாலோஜன் பகல்ல, செராமிக் ராத்திரி. கீழே ஒரு தட்டைக் கல், பகல் சூட்டை வாங்கி வெச்சுக்க. சட்டை உரிச்சு உரிச்சு வயித்துக் காயம் ஆறிடுச்சு, தழும்பு மட்டும் மங்கலா, ஒரு சாண் நீளத்துக்கு.

என் ஆர்டுயினோவை அக்கா தூக்கிப் போடலை. ரிலேவை மட்டும் பிடுங்கிட்டோம். இப்போ வை-ஃபை போர்டு ஒண்ணு, ரெண்டு சென்சர், ரெண்டையும் சால்டர் பண்ணியிருக்கு, பிரெட்போர்டு கிடையாது. எதையும் ஆன் பண்ணாது, ஆஃப் பண்ணாது. பாத்துட்டே இருக்கும், தப்பா ஏதாவது வந்தா டெலிகிராம்ல மெசேஜ் போடும், அக்காவுக்கும் எனக்கும் அந்தப் பொண்ணுக்கும். போன மாசம் ஒரு விடியக்காலம் எனக்கு மெசேஜ் வந்தது: 'சூடான முனை, சென்சர் இல்லை.' அக்காவைக் கூப்பிட்டேன், லீட்ஸ்ல நடுராத்திரி. தூக்கக் கலக்கத்துல போய்ப் பாத்துட்டு வீடியோவைத் திருப்பிக் காட்டினாங்க. ஒரு வயரை மிளகு மறுபடியும் அத்து வெச்சிருந்தது. குளிர்ந்த முனையில, 23 டிகிரியில, கிண்ணத்துக்கு வெளியே சுருண்டு படுத்திருந்தது.